கல்வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்டு: பழுதுபார்ப்பதா, ஃப்ளாட் கட்டுவதா, விற்பதா?

வில்லங்கச் சான்றில் இது வராது. பட்டாவில் இருக்காது. தாய்ப்பத்திரத்தைப் புரட்டினாலும் ஒரு வரி கிடைக்காது. பழைய வீட்டை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டலாம் என்று பிளான் போட்டு எடுத்துக்கொண்டு போகும்போதுதான் கவுன்டரில் கேட்பார்கள்: "ஏஎஸ்ஐ என்ஓசி எங்கே சார்?" அதாவது மத்திய தொல்லியல் துறை (ஏஎஸ்ஐ) சம்பந்தப்பட்ட தடையில்லாச் சான்று.

சென்னைப் புறநகரான ஜமீன் பல்லாவரத்தில் மனை வைத்திருக்கும் பலருக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. அங்கே இருக்கும் பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது இறந்தவர்களைப் புதைத்து மேலே கற்களை வட்டமாக வைத்த பழைய இடுகாடு, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இதேபோல் பாதுகாக்கப்பட்ட ஈமக்காடுகள் இன்னும் நிறைய உண்டு. புறநகர் வளர வளர, அவற்றைச் சுற்றியிருப்பவர்களுக்கும் இதே தலைவலி வரும்.

இடத்தின் மதிப்பில் சந்தேகம் வேண்டாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார்; இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ இங்கே தோண்டி, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெட்டி) வெளியே எடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகம் போனால் அந்த வகைப் பேழையைப் பார்க்கலாம். நம் வீட்டு சம்ப்பு அளவுக்குக்கூட இருக்காது. ஜேசிபி பக்கெட் ஒரு முறை பட்டால் சட்டி ஓடுதான் மிஞ்சும்.

"நாலு கல்லுக்காக இத்தனை குடும்பம் தவிக்கணுமா?" என்பது ஒரு கட்சி. "விட்டால் எல்லாவற்றையும் ஸ்டில்ட் பார்க்கிங் ஆக்கிவிடுவார்கள்" என்பது மறு கட்சி. குடியிருப்போர் சங்கக் கூட்டம் எதுவானாலும் இந்த இரண்டு குரலும் மோதி, காபி குடித்துக் கலையும். எந்தக் கட்சியில் சேருவது என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மனை கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பது தெரியாமல் எடுக்கிற எந்த முடிவும் காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

முதலில் டேப்பு

1958ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இரண்டு வளையங்களைப் போடுகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி. புதுக் கட்டடம் கிடையாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அனுமதி வாங்கிக் கட்டலாம். தாஜ்மகாலுக்கும் இதே 100 மீட்டர்தான், பல்லாவரத்துக் கல்வட்டத்துக்கும் இதே 100 மீட்டர்தான். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

அளவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். நீலப் பலகை நட்டிருக்கும் இடத்திலிருந்து இல்லை. கூகுள் மேப்பில் சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்திலிருந்தும் இல்லை. ஈமக்காட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசு அறிவிக்கையில் கண்ட புல எண்ணின் எல்லையிலிருந்து, உங்கள் மனையின் மிக அருகிலுள்ள மூலைக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். அறிவிக்கையில் இருப்பது பழைய கிராமப் புல எண். அது பிறகு பல உட்பிரிவாகி, நகர அளவையில் வேறு எண்ணாகவும் மாறியிருக்கும். ஆகவே மூன்று தாள்கள் தேவை: மத்திய தொல்லியல் துறையிடமிருந்து அறிவிக்கை நகலும் வரைபடமும், தாலுகா அலுவலகத்திலிருந்து எஃப்எம்பி எனப்படும் புலப்பட நகல், பழைய எண்ணும் புது எண்ணும் பொருந்தும் பட்டியல். இவற்றை வைத்து உரிமம் பெற்ற சர்வேயரிடம் டிஜிபிஎஸ் கருவியால் (செயற்கைக்கோள் வழியே துல்லியமாக அளப்பது) அளக்கச் சொல்லுங்கள். 95 மீட்டரா 105 மீட்டரா என்ற பத்து மீட்டரில் வீட்டின் தலையெழுத்தே மாறும் இடத்தில், டேப்பைத் தெருவளைவுகளோடு இழுத்து அளப்பது உதவாது. கோடு மனைக்கு நடுவே போனால், கட்டடத்தை வெளிப்பக்கம் தள்ளிப் பிளான் போட இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வளையங்கள் எவ்வளவு நிலத்தை விழுங்கும் என்று ஒரு கணக்கு போடலாம். பாதுகாக்கப்பட்ட இடம் பக்கத்துக்கு 100 மீட்டர் உள்ள சதுரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்று வையுங்கள். தடைப் பகுதியையும் சேர்த்தால் 20 ஏக்கர். ஒழுங்குமுறைப் பகுதியையும் சேர்த்தால் 102 ஏக்கர். இரண்டரை ஏக்கர் ஈமக்காட்டுக்கு ஊரே கோபப்படுவது இதனால்தான். இந்தக் கணக்கு கீழே இன்னொரு இடத்திலும் தேவைப்படும்.

100 மீட்டருக்குள்: பழுதுபார்ப்பு ஒன்றே வழி

மனை உங்களுடையது, கட்டுவது பில்டர், ஃப்ளாட்டில் ஆளுக்கொரு பங்கு என்று கட்டுமானக் கூட்டு ஒப்பந்தம் பேச வரும் புரோக்கரை இங்கே வாசலோடு அனுப்பிவிடலாம். சட்டம் அனுமதிப்பது பழுதுபார்த்தல், புதுப்பித்தல் மட்டும். அதற்கும் 20-சி பிரிவின்படி விண்ணப்பம் வேண்டும். கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பிறகு கட்டியதென்றால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியிருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் உள்ளாட்சி அனுமதியை மட்டும் வைத்துக் கட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான். முன்பே இருந்த வீடு என்று காட்ட, பழைய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, 'வீடும் மனையும்' என்று எழுதிய 1992-க்கு முந்தைய பத்திரம் ஆகியவை கைகொடுக்கும். இவற்றை இப்போதே தேடி எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள்.

'இடித்துவிட்டு அதே அளவில் கட்டிக்கொள்கிறேன்' என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அதே நீள அகல உயரத்தில் திரும்ப எழுப்புவதைச் சட்டம் 'மறுகட்டுமானம்' என்கிறது. பழுதுபார்ப்பு என்ற சொல்லுக்குள் அது வராது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே சுவர் நிற்கும்போதே வேலையைப் பார்க்க வேண்டும். எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளில் முதலில் போவது கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கமும் சன்ஷேடும்தான். கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் பொருக்குப் பொருக்காக விழும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் இரண்டு மழைக்குத் தாங்காது. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடுவதுதான் முறை. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால், பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். அந்த முடிவை மேஸ்திரியிடம் விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். மொட்டைமாடிக் கசிவை அடைக்காமல் கீழே மட்டும் பூசுவது வீண். மாடிமேல் ஒரு ரூம் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வழியில் பணம் பெருகாது. ஆனால் இப்போதைக்கு வீடு நிற்கும், வாடகை வரும், சட்டச் சிக்கல் இல்லை. தடையை மீறிக் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒழுங்குமுறைப் பகுதியில் அனுமதியின்றிக் கட்டினாலும் அதே தண்டனை.

தெருவில் கழிவுநீர்க் குழாய் கேட்டால் 'தொல்லியல் தடை இருக்கு' என்று யாராவது கையை விரித்தால் ஏற்காதீர்கள். வடிகால், பொதுக் குடிநீர், மின் விநியோகம் தொடர்பான வேலைகளைச் சட்டமே 'கட்டுமானம்' என்ற சொல்லுக்கு வெளியே வைத்திருக்கிறது.

100 முதல் 300 வரை: விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்

இந்த வளையத்தில் இருப்பவர்கள்தான் அதிகம். தேவையில்லாமல் மனம் விட்டுப்போனவர்களும் இவர்கள்தான். இங்கே புதுக் கட்டடமும் மறுகட்டுமானமும் அனுமதி பெற்றுச் செய்யக்கூடியவை. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பம் போகிறது. விண்ணப்பத்தை வாங்கும் தகுதிபெற்ற அதிகாரி 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்; ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்து சொல்ல வேண்டும்; அது வந்து ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். தாள்கள் சரியாக இருந்தால் நாலு மாதத்துக்குள் முடிய வேண்டிய வேலை. வருடக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் கீழே சொல்கிற காரணங்களால்.

முதல் காரணம் உயரம். திட்ட அனுமதி தரும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கணக்கில் மாடிப்படித் தலையறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டட உயரத்தில் சேராமல் போகலாம். ஆணையம் தரும் சான்றில் இருப்பதோ தலையறை, கைப்பிடிச்சுவர், தொட்டி எல்லாம் சேர்த்த உயரம். ஒரே கட்டடத்துக்கு இரண்டு பிளானில் இரண்டு உயரம் இருந்தால் கேள்வி எழும்; பதில் போகும்வரை கோப்பு நகராது.

இரண்டாவது, விமான நிலையம். மீனம்பாக்கம் ஓடுதளம் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தில் உங்கள் மனை எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அவர்கள் தரும் உயரம் தெருவிலிருந்து அளப்பதல்ல, கடல் மட்டத்திலிருந்து அளப்பது. திரிசூலம் மலைப்பக்கம் மேட்டில் இருக்கும் மனைக்கு, பள்ளத்தில் இருக்கும் மனையைவிடக் குறைவான மாடிகள்தான் கிடைக்கும். ஆக, தொல்லியல் உயரம், விமான உயரம், கட்டட விதி உயரம் மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் உயரம். இதைத் தெரிந்துகொண்டு பிளான் போட்டால் ஒரே பிளான் போதும்.

மூன்றாவது காரணம் சில்லறைத் தவறுகள். பட்டாவில் ஒரு பெயர், பத்திரத்தில் இன்னொரு இனிஷியல். ஜிபிஎஸ் முத்திரை இல்லாத புகைப்படம். விண்ணப்பத்தில் 140 மீட்டர், வரைபடத்தில் 152 மீட்டர். சரிசெய்ய ஒரு நாள் வேலை, சரிசெய்யாவிட்டால் மூன்று மாதம்.

இங்கேயும் இரண்டு கிளைகள். சொந்தக் காசில் குறைந்த உயரத்தில் ஒரு வீடு கட்டுவது ஒன்று. பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போடுவது இன்னொன்று. எங்கள் கருத்தில், ஒரு கிரவுண்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு முதல் வழிதான் பொருத்தம். காரணம் கணக்கில் இருக்கிறது.

ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி மனை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ன்படி உயரமல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு தளப் பரப்பு. சாலை அகலம் இடம்கொடுத்தால் 4800 சதுர அடி. தளத்துக்கு 1200 சதுர அடி என்று வைத்தால் ஸ்டில்ட்டுக்கு மேல் நாலு மாடி. 50:50 பங்கில் உங்களுக்கு 2400, அதாவது இரண்டு ஃப்ளாட். பில்டர் காகிதத்தில் காட்டுவது இதைத்தான். ஆணையம் உயரத்தைக் குறைத்து ஸ்டில்ட்டுக்கு மேல் இரண்டு மாடிக்கு மட்டும் சம்மதித்தால் மொத்தமே 2400. உங்கள் பங்கு 1200. கையில் இருந்த தனி வீடு போய், ஒரு ஃப்ளாட்டும் மனையில் பிரிபடாத பாதிப் பங்கும் மிஞ்சும். பில்டருக்கும் லாபம் பாதியாகும். அவர் விலகிப்போனால், அதற்குள் வீடு இடிக்கப்பட்டிருந்தால், உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் கூட்டு ஒப்பந்தம்தான் என்று முடிவெடுத்தவர்கள் நான்கு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். தடையில்லாச் சான்றும் திட்ட அனுமதியும் கைக்கு வரும்வரை வீட்டைத் தொடக்கூடாது. பங்கைச் சதவீதத்தில் மட்டும் எழுதாமல், உங்களுக்குக் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்றும் எழுத வேண்டும். பவர் பத்திரம் அனுமதி வாங்குவதற்கு மட்டும். விற்கும் அதிகாரம் கட்டட வேலை ஒரு கட்டம் தாண்டிய பிறகு. அஸ்திவாரம் தோண்டும்போது தொல்பொருள் வந்து வேலை நின்றால் அந்த மாதங்களின் வாடகை யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் யாரும் எழுதுவதில்லை. பல்லாவரத்தில் அதுதான் முதலில் எழுத வேண்டியது.

விற்றுவிட்டுப் போவது

வேகமான வழி, ஆனால் நினைப்பதைவிடக் குறைவாகவே கையில் நிற்கும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் வங்கி வழக்கறிஞர் பிளான் அனுமதி கேட்பார். அது இல்லையென்றால் ரொக்கமாக வாங்குபவர்கள்தான் மிச்சம், அவர்கள் விலையை அடிப்பார்கள். அரசின் வழிகாட்டி மதிப்போ தெருவுக்கு ஒன்றாக இருக்கும். தொல்லியல் கோடு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. மதிப்பைவிடக் குறைத்து விற்றாலும் முத்திரைக் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழிகாட்டி மதிப்பின் மேல்தான் கேட்பார்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், வருமான வரித்துறையும் வழிகாட்டி மதிப்பையே உங்கள் விற்பனை விலையாக எடுத்துக்கொண்டு மூலதன ஆதாய வரி போடும். வாராத பணத்துக்கு வரி. இதைத் தவிர்க்க, மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு; அப்போது சர்வேயரின் தூர அளவு உங்களுக்குச் சான்றாகும்.

தடை இருப்பதை மறைத்து விற்கலாம் என்ற யோசனை வேண்டாம். வாங்குபவருக்குத் தெரியாத குறையைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்கிறது. 300 மீட்டருக்கு வெளியே என்று அளவில் தெரிந்தால், அந்தச் சர்வே வரைபடத்தைப் பத்திரத்தோடு வைத்தாலே விலை ஏறும்.

சங்கம் எதைக் கேட்க வேண்டும்?

சங்கங்களுக்குப் பிடித்த கோரிக்கை, 'பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே நீக்குங்கள்'. சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. 2024-ல் 18 சின்னங்களை மத்திய அரசு அப்படி நீக்கவும் செய்தது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்றே கண்டுபிடிக்க முடியாமல் போனவை. கல் கண்ணெதிரே கிடக்கும் இடத்தில் இந்த மனு எடுபடாது. எடுபட்டாலும் தோற்றது நாம்தான் என்பது எங்கள் எண்ணம்.

துணைவிதிகளைக் கேட்பது இன்னொரு வழி. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகப் பாரம்பரியத் துணைவிதி எழுத 20-இ பிரிவு சொல்கிறது. அது வந்துவிட்டால் 100-க்கும் 300-க்கும் இடையே எவ்வளவு உயரம் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஊகமாக இல்லாமல் எழுத்தில் வந்துவிடும். வரைவு வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருகிறார்கள். அந்த 30 நாளில் சங்கம் தெருத்தெருவாக இப்போதுள்ள வீடுகளின் உயரத்தைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் வெற்றுக் கண்டனத்தைவிட நூறு மடங்கு எடை இருக்கும். ஒன்று மட்டும்: துணைவிதியால் அந்த 100 மீட்டரைக் குறைக்க முடியாது. அதற்கு நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும். தடைப் பகுதியில் பொதுப்பணிகளுக்கு வழிவிடும் மசோதா ஒன்று 2018 ஜனவரியில் மக்களவையைத் தாண்டி, மாநிலங்களவையில் தேங்கி, 2019-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அப்படி ஒரு திருத்தம் வரும் என்று நம்பி வீட்டுப் பிளானைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் ஓட்டு எல்லை மறுவரையறைக்கு. ஈமக்காட்டில் எங்கே இன்னும் புதைகுழி இருக்கிறது, எங்கே எல்லாம் போய்விட்டது என்பதைத் தரை ஊடுருவும் ரேடாரும் சில சோதனைக் குழிகளும் வைத்துத் தொல்லியல் துறையைக் கண்டுசொல்லச் சொல்ல வேண்டும். உண்மையில் எஞ்சியிருப்பதை மட்டும் வேலி போட்டு மீண்டும் அறிவிக்கச் சொல்ல வேண்டும். முன்பு போட்ட கணக்கில், பக்கத்துக்கு 100 மீட்டராக இருந்த சதுரம் 30 மீட்டராகச் சுருங்கினால், தடைப் பகுதியோடு சேர்ந்து 20 ஏக்கராக இருந்தது 11 ஏக்கராகும். தெருக்களையும் சேர்த்து 160 கிரவுண்டுக்கு மேல் நிலம் தடையிலிருந்து வெளியே வரும். கல்லும் போகாது. சோதனைக் குழியில் புதிதாக ஏதாவது வந்து எல்லை சுருங்காமல் போகும் ஆபத்தும் இதில் உண்டு. அதைச் சங்க உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டட இடிபாட்டை ஈமக்காட்டில் கொட்டிக்கொண்டே இந்த மனுவைக் கொடுத்தால், மனுவைப் படிக்கிற அதிகாரிக்குச் சிரிப்பு வரும்.

தோண்டும்போது

எந்த வழியைத் தேர்ந்தாலும் சம்ப்போ அஸ்திவாரமோ தோண்டத்தான் வேண்டும். முதல் ஒன்றரை மீட்டரைக் கூலியாளை வைத்து மண்வெட்டியால் எடுப்பது நல்லது. வட்டமாக வைத்த உருண்டைக் கற்கள், படுக்கவைத்த பெரிய பலகைக்கல், உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடு, வரிசையாகக் குட்டைக் கால்கள் தெரியும் சிவப்புச் சுடுமண். இவற்றில் எது தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெளியே எடுத்துக் கழுவ வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணும் எலும்பும்தான் காலத்தைச் சொல்லும். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மனு கொடுத்து, தேதி முத்திரை வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். பில்டரிடம் தாமதத்துக்கு வாடகை கேட்கும் நாளில் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.